ஈகிள்ஸ் இந்த மார்ச்சில் எடுத்த ஆட்கள்: நம்பலாமா?

கேள்வி, மார்ச் 15, 2024

நம் ஃபிலடெல்ஃபியா அமெரிக்க ஃபுட்பால் அணி புதிதாக எடுத்த பார்க்லி, ஹஃப், கார்ட்னர்-ஜான்சன் என்று பெயர்களைப் பார்த்து எல்லோரும் துள்ளுகிறீர்கள். 2011-லும் இப்படித்தான் துள்ளினோம். "கனவு அணி" என்றார்கள், எட்டு வெற்றி, எட்டு தோல்வி (8-8) என்று முடிந்தது. பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்குக்கு இவ்வளவு பணம் கொட்டும் அணியை எப்படி நம்புவது? யாராவது காரணம் சொல்லுங்கள்.

மார்ச் 16, 2024

நான் சொல்கிறேன். எனக்கு இந்த வருடம் நிஜமாகவே நம்பிக்கை இருக்கிறது. பெயர்களைப் பார்த்து வந்த நம்பிக்கை இல்லை. வந்தவர்கள் யார் பக்கத்தில் நிற்கப்போகிறார்கள் என்று பார்த்து வந்தது.

முதலில் பார்க்லி. மூன்று வருடம், 37.75 மில்லியன் டாலர், அதில் 26 மில்லியன் உறுதி. போன வருடம் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக 14 ஆட்டங்களில் 962 யார்டு. எண்ணை மட்டும் பார்த்தால் விலை அதிகம்தான். ஆனால் அந்த ஜயன்ட்ஸின் ஆஃபென்சிவ் லைனை, அதாவது ஓடுகிறவனுக்கு வழி திறக்கும் ஆட்களை, பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் பந்தை வாங்கும்போதே எதிரணி ஆள் எதிரே வந்து நிற்பான். இங்கே அவருக்கு முன்னால் மைலாட்டா, டிக்கர்சன், ஜர்கன்ஸ், லேன் ஜான்சன். போன வருடம் நமக்கு ஓடிய டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் டெட்ராய்ட்டில் விளையாடிய மூன்று வருடங்களில் ஒரு வருடம்கூட 700 யார்டைத் தொடவில்லை. இந்த லைனுக்குப் பின்னால் வந்ததும் 1,049.

"அப்படியென்றால் யார் வந்தாலும் ஓடுவார்களே, பார்க்லி எதற்கு?" என்று அடுத்த கேள்வி வரும். வழியைத் திறப்பது லைனின் வேலை. முதல் ஐந்து யார்டு அவர்கள் கொடுப்பது. அதற்கப்புறம் சேஃப்டி என்ற கடைசித் தடுப்பு ஆள் ஒருவன் மட்டும் மிச்சம் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பது ஓடுகிறவன் கையில். ஸ்விஃப்ட் அங்கே பன்னிரண்டு யார்டு எடுப்பார். பார்க்லி அறுபது எடுக்கக்கூடியவர். பென் ஸ்டேட்டில் விளையாடிய நாளிலிருந்து இந்த மாநிலத்துக்காரர்கள் அதைப் பார்த்திருக்கிறோம்.

சரி, 2011. அந்த வருடக் கோடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உரிமையாளர்கள் வீரர்களை வெளியே நிறுத்திய லாக்-அவுட் முடிந்த கையோடு நாம்டி அசமுவாவை ஐந்து வருடம், 60 மில்லியனுக்கு எடுத்தார்கள். ஜேசன் பாபின், கலன் ஜென்கின்ஸ், ரானி பிரவுன் எல்லோரும் வந்தார்கள். "கனவு அணி" என்று பெயர் வைத்ததே புதிதாக வந்த மாற்று குவார்ட்டர்பேக் வின்ஸ் யங்தான். நாம் எல்லோரும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டோம்.

ஆனால் டிஃபென்ஸை, அதாவது தடுப்பாட்டத்தை, யாரிடம் கொடுத்தார்கள்? வான் கஸ்டியோ. அதற்கு முன் பதின்மூன்று வருடம் இதே அணியில் ஆஃபென்சிவ் லைன் பயிற்சியாளராக இருந்தவர். நல்ல மனிதர், நல்ல பயிற்சியாளர், ஆனால் அந்த வேலை வேறு, இந்த வேலை வேறு. அசமுவா ஓக்லண்டில் ஒரு பக்கமாக நின்று எதிரே இருக்கும், பாஸ் பிடிக்கும் ரிசீவரை நெருக்கிப் பிடித்து ஆடிப் பேர் வாங்கியவர். இங்கே அவரை அங்கும் இங்கும் நகர்த்தினார்கள். 60 மில்லியன் கொடுத்து வாங்கிய திறமையைப் பயன்படுத்தவே இல்லை. சான் பிரான்சிஸ்கோவுடன் ஆடிய ஆட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். இருபது புள்ளி முன்னிலையில் இருந்துவிட்டு 24-23 என்று தோற்றோம். கோல் கோட்டருகில் ரானி பிரவுன் மடக்கப்பட்டபோது பந்தைத் தூக்கிப் போடப் பார்த்து நழுவவிட்டார்.

அதனால் 2011 எனக்குச் சொல்வது "ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வரும் ஃப்ரீ ஏஜென்ட்களை எடுக்காதே" என்பது இல்லை. எடுத்த ஆளை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் வேண்டும். இந்த முறை டிஃபென்ஸ் புதுப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ கையில். அதுதான் இந்த வருடத்தின் மிகப் பெரிய வரவு என்று நினைக்கிறேன். போன ஜனவரியில் பிளேஆஃப் ஆட்டத்தில் டாம்பாவில் எதிரணியின் ட்ரே பாமர் 56 யார்டு ஓடியதைப் பார்த்தீர்களே, நம் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, பிடித்துச் சாய்க்கும் டேக்கிளைக் கோட்டைவிட்டார்கள். 10-1 என்று இருந்த அணி கடைசி ஆறில் ஐந்தைத் தோற்று, அங்கே போய் 32-9 என்று உதை வாங்கி வந்தது. ஆள் மட்டும் மாறினால் அது சரியாகாது.

மார்ச் 16, 2024, இரவு

பார்க்லிக்கு எதிர் உதாரணமாக, இங்கே வந்து தோற்ற ரன்னிங் பேக் டிமார்கோ மரேயைக் கொண்டுவந்துவிட்டீர்கள். நியாயம், அவரை நானே சொல்லியிருக்க வேண்டும். பார்க்லியைப் போலவே பரம எதிரி அணியிலிருந்து வந்தவர். 2014-ல் டாலஸில் 1,845 யார்டு, 2015-ல் இங்கே ஐந்து வருடம், 40 மில்லியன் என்று ஒப்பந்தம், ஓடியது 702. ஒரே வருடத்தில் டென்னசிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருடம் கார்டுகள், அதாவது லைனில் நடு ஆளின் இரண்டு பக்கமும் நிற்பவர்கள், யார் என்று பாருங்கள். ஹெர்மன்ஸை பிப்ரவரியில் விட்டார்கள், மாதிஸை ஜூனில் விட்டார்கள். நடுவில் மரேயை எடுத்தார்கள். அவர் பின்னால் நின்று வேகமெடுத்து நேராக முட்டி ஓடுகிறவர், அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் சிப் கெல்லியின் திட்டமோ பக்கவாட்டில் ஓடச் சொன்னது. ஓடுகிறவனுக்குப் பணம் கொடுத்துவிட்டு வழி திறப்பவர்களை வெளியே அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

இப்போது எனக்குக் கவலை தரும் இடம் ஒன்றுதான்: லைனின் நடுவில் நின்ற கெல்சி ஓய்வு பெற்றுவிட்டார். ஜர்கன்ஸ் நடுவுக்கு வருவார், அதில் பயமில்லை. ஆனால் அவர் விட்டுப்போகும் வலது கார்டு இடத்தில் யார்?

மார்ச் 18, 2024

ஒரு சின்னத் திருத்தம், எனக்கில்லை, மேலே எழுதிய நண்பருக்கு. 2004-ல் ரிசீவர் டெரல் ஓவன்ஸ் அவர் சொன்னதுபோல் ஃப்ரீ ஏஜென்டாக வரவில்லை. பெரிய தகராறுக்கப்புறம் அணிகளுக்கிடையிலான வர்த்தகத்தில் வந்தார். ஃப்ரீ ஏஜென்டாக வந்தவர் ஜெவான் கெர்ஸ்.

ஃப்ரீ ஏஜென்சியால் இந்த ஊர் பட்ட காயம் அதைவிடப் பழையது. 1993-ல் ஃப்ரீ ஏஜென்சி முழுமையாக அமலுக்கு வந்த முதல் வருடமே நம் டிஃபென்ஸின் நட்சத்திரம் ரெஜி வைட் கிரீன் பேக்குப் போனார். அங்கே சூப்பர் பவுலும் ஜெயித்தார். அதைப் பார்த்த தலைமுறை இங்கே இன்னமும் ஃப்ரீ ஏஜென்சி தொடங்கும் மார்ச் மாதம் என்றால் முகம் சுளிக்கும். என் அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து வளர்ந்தவர். பார்க்லி வந்த செய்தியைச் சொன்னேன். "போன ரெஜி திரும்பி வந்தாரா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விட்டார்.

மார்ச் 30, 2024

ஓரத்திலிருந்து எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் ரெடிக்கை ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக அவர் இடத்தில் ஹஃப். மூன்று வருடம், 51.1 மில்லியன்.

இந்த வரவுகளில் எனக்கு நிச்சயமில்லாத ஒருவர் உண்டென்றால் அது ஹஃப்தான். போன வருடம் 10 சாக் எடுத்தார், அதாவது குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு சாய்த்தார், உண்மை. ஆனால் ஜெட்ஸ் அவரை ஆட்டத்தில் பாதி நேரம்கூட இறக்கவில்லை. எதிரணி பந்தை எறியும் நேரம் பார்த்து இறக்கினார்கள். ஃபாஞ்சியோவின் எட்ஜ் ஆட்கள், அதாவது அந்த ஓரத்தில் நிற்பவர்கள், ஓட்டத்தையும் தடுக்க வேண்டும், சில நேரம் பின்வாங்கிப் பாஸையும் காக்க வேண்டும். நான் மேலே சொன்ன அதே அளவுகோலை இவருக்கும் வைத்தால் கொஞ்சம் இடிக்கிறது. இருந்தாலும் வேகம் இருக்கிறது, வயது இருக்கிறது. பார்ப்போம்.

யாரும் பேசாத ஒருவரைப் பற்றி இரண்டு வரி. ஸாக் பான். ஒரே வருடம், 3.5 மில்லியன். நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலும், பந்தை உதைக்கும் நேரத்தில் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸில் ஓடிக்கொண்டிருந்தவர். ஆனால் விஸ்கான்சினில் கடைசி வருடம் எட்ஜிலிருந்து 12.5 சாக் எடுத்தவர். அவரை உள்ளே லைன்பேக்கராக நிறுத்திப் பார்க்கப்போவதாகப் பேச்சு இருக்கிறது. அதே இடத்துக்கு எடுத்த டெவின் வைட்டின் பெயர்தான் பெரிது, ஆனால் நான் பானைத்தான் கவனிக்கப்போகிறேன்.

மே 1, 2024

மெக்கை பெக்டன்! ஒரு வருட ஒப்பந்தம். 2020-ல், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஜெட்ஸ் 11-வதாக எடுத்த ஆள், ஆறடி ஏழங்குலம். முழங்கால் காயங்களில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் போய்விட்டது. இவரை நம் லைன் பயிற்சியாளர் ஸ்டௌட்லேண்ட் கையில் கொடுத்திருக்கிறார்கள். ரக்பி ஆடிக்கொண்டிருந்த மைலாட்டாவை எடுத்து டிராஃப்டின் ஏழாவது சுற்றிலிருந்து லீகின் சிறந்த லெஃப்ட் டேக்கிள்களில், அதாவது லைனின் இடது ஓரத்தில் நிற்பவர்களில், ஒருவராக்கியவர் அவர். பெக்டனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

வலது கார்டு இடத்தைப் பற்றிய என் மார்ச் கவலைக்கு இது பதிலாகுமா? இதுவரை டேக்கிளாகவே ஆடியவர். கார்டாக மாறினால் நடக்கலாம்.

ஜூலை 20, 2024

ஜயன்ட்ஸ் அலுவலகத்துக்குள்ளேயே கேமராவை வைத்துப் படம்பிடித்த அந்தத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தீர்களா? பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனால் தனக்குத் தூக்கம் வராது என்று உரிமையாளர் ஜான் மாரா பொது மேலாளரிடம் சொல்கிறார். அந்த இடத்தை இரண்டு தடவை பார்த்தேன். அவருடைய முகத்தில் இருந்தது நிஜமான வருத்தம். பொது மேலாளருக்கும் தன் கணக்கு இருந்தது: லைன் சரியில்லாத அணியில் ரன்னிங் பேக்குக்குப் பணம் போடுவதில் பயனில்லை. அவர் அணிக்கு அது சரியாகவே இருக்கலாம். நம் அணிக்கு அதே ஆள் வேறு மதிப்பு. இருவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்.

செப்டம்பர் 7, 2024

பிரேசிலில் முதல் ஆட்டம், பேக்கர்ஸை 34-29. பார்க்லிக்கு மூன்று டச்டவுன், 109 யார்டு. எல்லோரும் அவரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். பானைப் பார்த்தீர்களா? 15 டேக்கிள், 2 சாக். முதல் ஆட்டத்திலேயே!

செப்டம்பர் 17, 2024

நேற்று இரவு தூங்கவில்லை. பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது (டவுன்), இன்னும் மூன்று யார்டு வேண்டும், ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பார்க்லி அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் ஆட்டம் முடிந்தது. பக்கத்தில் ஆளே இல்லை. கையில் பட்டுக் கீழே விழுந்தது, கடிகாரம் நின்றது, எதிரணி ஃபால்கன்ஸ் வந்து அடித்து 22-21.

தோல்வி தன்மேல்தான் என்று பார்க்லியே பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். இங்கே ஒருவர் "37 மில்லியன் கையிலிருந்து நழுவியது" என்று எழுதியிருப்பது அநியாயம். அதற்கப்புறம் எதிரணியை எழுபது யார்டு வரவிட்டது டிஃபென்ஸ். ஒரு பந்துக்காக ஆளைத் தூக்கி எறிவது இந்த ஊரின் பழைய வழக்கம், அதில் நான் சேர மாட்டேன்.

அக்டோபர் 10, 2024

டெவின் வைட்டை விட்டுவிட்டார்கள். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நக்கோபி டீனும் பானும் அந்த இரண்டு இடங்களையும் பிடித்துக்கொண்டார்கள்.

2-2. டாம்பா மறுபடியும் புரட்டி எடுத்துவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் சிரியானியை வீட்டுக்கு அனுப்பு என்று வானொலியில் ஒரே கூச்சல். நான் மார்ச்சில் எழுதியதையே திரும்பவும் படித்துப் பார்த்தேன். ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்: புது டிஃபென்ஸ் பழகுவதற்கு நேரம் வேண்டும். மிட்செலும் டிஜீனும் ஏப்ரலில் டிராஃப்டில் வந்த பிள்ளைகள். ஓய்வு வாரத்துக்கப்புறம் டிஜீன் உள்ளே வந்தால் ஸ்லாட்டில், அதாவது உள்பக்க ரிசீவரைக் காக்கும் இடத்தில், இருக்கும் ஓட்டை அடைபடும்.

நவம்பர் 4, 2024

அந்தத் தாண்டலைப் பற்றி எழுதாமல் எப்படி இருப்பது?

ஜாக்சன்வில்லுடன். சின்ன பாஸ் ஒன்றைப் பிடித்தார். முதலில் வந்தவனை ஒரு வெட்டில் விட்டார். அடுத்தவனிடமிருந்து சுழன்று விலகினார், அந்தச் சுழற்சியில் முதுகு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. மூன்றாவதாகக் கார்னர்பேக் குனிந்து காலைப் பிடிக்க வருகிறான். பார்க்லிக்கு அவனைப் பார்க்க நேரமே இல்லை. அப்படியே பின்பக்கமாக எம்பி, காலை விரித்து, அவன் தலைக்கு மேலாகப் போய் நின்றார். நின்றுவிட்டு இன்னும் ஓடினார். என் மனைவி ஃபுட்பால் பார்ப்பவள் இல்லை. என் சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து வந்தவள், திருப்பிப் போட்டதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை போடச் சொல்லுங்க" என்றாள்.

நான் பார்த்த விளையாட்டு எதிலும் ஒரு மனிதன் அப்படிச் செய்து பார்த்ததில்லை.

நவம்பர் 25, 2024

லாஸ் ஏஞ்சலிஸில் பார்க்லிக்கு 255 யார்டு. 70 யார்டில் ஒன்று, 72 யார்டில் ஒன்று. முதல் ஐந்து யார்டு லைனுடையது, மிச்சம் ஓடுகிறவனுடையது என்று மார்ச்சில் எழுதினேனே, அந்த இரண்டு ஓட்டங்களையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கார்டாக மாறிய பெக்டன் திறக்கும் இடத்தில் ஒரு லாரி போகலாம்.

டிசம்பர் 30, 2024

பார்க்லி இந்த சீசனில் 2,000 யார்டு தாண்டியாயிற்று. கௌபாய்ஸை 41-7 என்று முடித்த ஆட்டத்தில் 2,005-ல் நிற்கிறார். எரிக் டிக்கர்சன் ஒரே சீசனில் ஓடிய 2,105 நாற்பது வருடமாக நிற்கும் சாதனை, இன்னும் 101 வேண்டும், கடைசி ஆட்டம் ஜயன்ட்ஸோடு, அதுவும் நம் ஊரில்.

ஆட வைக்க வேண்டுமா, உட்கார வைக்க வேண்டுமா என்று இங்கே இரண்டு நாளாகச் சண்டை. உட்கார வைக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் ஜனவரியில் அவர் கால்கள் வேண்டும். கடந்த வருடம் ஜனவரியில் நம்மிடம் மிச்சம் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

ஜனவரி 20, 2025

ராம்ஸோடு பிளேஆஃப் ஆட்டத்தைப் பனிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். மேல் அடுக்கில் இருக்கை, ஆட்டம் போகப் போகக் கோடுகள் தெரியவில்லை, ஊழியர்கள் ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான்காவது கால்பகுதியில் பார்க்லி இடது பக்கம் வெளியே வந்தபோது, மேலிருந்து பார்த்த எங்களுக்கு அவருக்கு முன்னால் வெள்ளைத் தரை மட்டும்தான் தெரிந்தது. 78 யார்டு. பக்கத்து இருக்கைக்காரர் யாரென்றே தெரியாது, கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதற்கப்புறம் ராம்ஸ் ஒன்று அடித்து, மறுபடியும் நம் எல்லை வரை வந்துவிட்டார்கள். ஜேலன் கார்ட்டர் அவர்கள் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபர்டைச் சாய்த்த பிறகுதான் மூச்சு வந்தது. 28-22.

அவரை உட்கார வைத்தது சரிதான். 205 யார்டு ஓடிய கால்கள் அவை.

பிப்ரவரி 10, 2025

சூப்பர் பவுல் நமக்கு, 40-22. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை!

குரல் இல்லை, அதனால் எழுதுகிறேன். பார்க்லி நேற்று 57 யார்டுதான். கன்சாஸ் சிட்டி அவரை நிறுத்துவதற்கே ஆள் குவித்தது. அந்த ஆட்கள் அங்கே இருந்ததால் நம் குவார்ட்டர்பேக் ஹர்ட்ஸுக்கு வெளியே இடம் கிடைத்தது. பிளேஆஃபையும் சேர்த்து 2,504 யார்டு, ஒரு சீசனில் வேறு யாரும் ஓடாத தூரம். அவர் பிறந்த நாளும் நேற்றுதான்.

டிஃபென்ஸ், கூடுதல் ஆட்களை அனுப்பித் துரத்தும் பிளிட்ஸே செய்யாமல், அவர்கள் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு தடவை சாய்த்தது. பான் ஒரு பாஸைப் பறித்தார், அதிலிருந்து ஏ.ஜே. பிரவுன் டச்டவுன். 3.5 மில்லியன் ஆள், 151 டேக்கிளோடு, லீகின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோவின் முதல் அணியில். கார்ட்னர்-ஜான்சன் சீசனில் 6 பறிப்பு. 51 மில்லியன் ஹஃப் சீசன் முழுவதும் 2.5 சாக், நேற்று ஆடும் பட்டியலிலேயே இல்லை. மணிக்கட்டு அறுவையும் அவரைப் பின்னுக்கு இழுத்தது, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த வேலை இங்கே கேட்கப்படவில்லை.

2017-ஐயும் மறக்காதீர்கள். அந்த முதல் சூப்பர் பவுல் அணியிலும் ஜெஃப்ரி, பிளௌன்ட், பேட்ரிக் ராபின்சன் எல்லோரும் ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தவர்கள்தான். ஃபோல்ஸும் அதே மார்ச்சில் வந்தவர். நம் பொது மேலாளர் ரோஸ்மன் இதை இரண்டாவது தடவையாகச் செய்கிறார்.

மார்ச் 22, 2025

போகிறவர்கள் போய்விட்டார்கள். ஸ்வெட் அரிசோனாவுக்கு. மில்டன் வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்துக்கு, நான்கு வருடம், 104 மில்லியன். பெக்டன் சார்ஜர்ஸுக்கு, இரண்டு வருடம், 20 மில்லியன். பெக்டன் போனதுதான் எனக்கு அதிக வருத்தம், ஆனால் கைவிடப்பட்ட ஒருவர் ஒரே வருடத்தில் அந்தச் சம்பளத்தை எட்டியதில் சந்தோஷமும் இருக்கிறது. கார்ட்னர்-ஜான்சனையும் ஹூஸ்டனுக்கு வர்த்தகம் செய்துவிட்டார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. பானை மட்டும் மூன்று வருடம், 51 மில்லியனுக்கு வைத்துக்கொண்டார்கள். ஹஃபுக்குப் போன வருடம் கொடுத்த கிட்டத்தட்ட அதே தொகை. இந்தத் தடவை என்ன வாங்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

"இத்தனை பேர் போனார்களே, இப்போதும் நம்பிக்கையா?" என்று கேள்வி வந்திருக்கிறது. ஆமாம். பெரிய சம்பளத்துக்குப் போகிறவர்களுக்கு ஈடாக அடுத்த வருட டிராஃப்டில் கூடுதல் வாய்ப்புகள் வரும், அந்தக் கணக்கை இந்த நிர்வாகம் நன்றாகப் போடுகிறது. வந்தவர்கள் மறுபடியும் ஒரு வருடக்காரர்கள்: ஏ.ஜே. டில்லன், அடோரி ஜாக்சன், அஜீஸ் ஓஜுலாரி.

எனக்கு ஓஜுலாரிமேல் கண். ஜயன்ட்ஸில் முதல் வருடமே 8 சாக் எடுத்துவிட்டு அப்புறம் காயங்களில் சிக்கியவர். ஓட்டத்தை எதிர்த்து அவர் எப்படி நிற்கிறார் என்பதை ஜயன்ட்ஸ் ரசிகர்கள்தான் தொடர்ந்து பார்த்திருப்பார்கள். இந்த இழையைப் படிக்கும் ஜயன்ட்ஸ்காரர் ஒருவர் உண்டு என்று தெரியும். ஐயா, அதைப் பற்றி நாலு வரி எழுதுங்களேன், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு.